மூணுக்குப் பதில் சைபர்

நான் எட்டாவது வரைதான். மேற்குத் தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் இருக்கிறேன். மதர்போர்டு மாற்றுவது என் வேலை.

போர்டு மாறினால் அதிலுள்ள சிப்செட்டும் மாறும். அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் பழைய விண்டோஸில் எழாது. நீலத் திரை காட்டி நின்றுவிடும். எங்கள் கடையில் அதற்கு ஒரே வைத்தியம், ஃபார்மட்: அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. டிஸ்கில் விண்டோஸ் இருக்கும் சி பகுதியில் உள்ளது போகும். டி-யில் இருப்பது தங்கும்.

மாடம்பாக்கத்து அக்கா ஒருவர் சிபியூ கொண்டுவந்தார். எம்பிராய்டரி மிஷின் வைத்து ஜாக்கெட்டுக்குப் பூ போட்டுத் தருபவர். டிசைன் எல்லாம் அவரே வரைந்தது. நான்கு வருஷ வேலை. போர்டு செத்திருந்தது. அதே போர்டு கிடைக்கவில்லை. வேறு சிப்செட் உள்ள போர்டைப் போட்டேன். நீலத் திரை.

போனில், எல்லோரையும் கேட்பதுபோலக் கேட்டேன். "டிசைன்லாம் டி-லதான கீது, அக்கா?"

"ஆங், கீது தம்பி."

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். டி என்றால் என்ன என்று கேட்க வெட்கம். நானும் அப்படி ஆமாம் போட்டவன்தான். அதனால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிஸ்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி ஒரு பார்வை பார்த்திருக்கலாம்.

"இன்னாத்த மொறச்சிகினு கீற? ஃபார்மட் அடிச்சு வுடு," என்றார் முதலாளி.

அடித்தேன்.

எல்லாம் டெஸ்க்டாப்பில் இருந்திருக்கிறது. அது சி. மீட்டுப் பார்த்தேன். பெயர்கள் மட்டும் வந்தன. மாங்கா பார்டர். மயில் கழுத்து. ஒன்றும் திறக்கவில்லை.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "இன்னொரு தபா பாரேன் தம்பி."

"பேக்கப் எடுக்கறது உங்க பொறுப்புமா. பில்லுலயே போட்டுக்கீது," என்றார் முதலாளி.

இரண்டு வருஷம் கழித்து ஒரு வீடியோ பார்த்தேன். யாரோ இந்தியில் பேசினான். பேச்சு புரியவில்லை, கை போன இடம் புரிந்தது. பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பி, செத்த விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திறக்கிறான். டிஸ்க் டிரைவருக்கு நேரே மூணு என்றிருக்கிறது. கிளம்பும்போதே எழட்டும் என்று அதைச் சைபர் ஆக்குகிறான். பொது டிரைவர் எழுந்துகொள்கிறது. எந்த சிப்செட்டிலும் அதே டிஸ்க் ஓடுகிறது. ஃபார்மட் வேண்டாம்.

கடையில் செய்து பார்த்தேன். ஓடியது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"இத அன்னிக்கே கத்துகினு இருந்தா அந்தம்மா கத்திகினு போயிருக்காது," என்று சிரித்தார் முதலாளி. அக்கா கத்தவே இல்லை.

போன மாதம் அக்கா மானிட்டரை விற்க வந்தார். எம்பிராய்டரி மிஷினை விற்றுவிட்டாராம். இப்போது சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிறார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அன்னிக்கி வேற வழியே இல்லியா தம்பி?"

"இல்லக்கா."

"அதான். நீ இன்னா பண்ணுவே."

மானிட்டர் ஒயரைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.