மெழுகக்காவும் முந்நூற்றுப் பதினேழும்

சீவும் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றுவதற்கு முன் மெழுகக்கா மூச்சை முழுதாக வெளியே விட்டுவிடுவார். நெஞ்சில் காற்று இருந்தால் கை ஆடும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. மெழுகுக் கட்டி கத்தியின் மேல் இறங்கும். வெங்காயத் தோலைவிட மெல்லிய ஏடு ஒன்று எழும்பும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. அதன் வாலில் மற்றொன்று. நாடாவாக நீண்டு வருவதை ஈரத் தூரிகையால் ஏந்தி, பக்கத்திலிருக்கும் வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிடுவார். "வா கண்ணு, சுருண்டுக்காதே. காலை நீட்டிப் படு பார்க்கலாம்" என்பார். அறையில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். பேச்சு ஈரலோடுதான்.

பெரிய மருத்துவமனையின் பின்கட்டிலுள்ள திசுப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. மேலே வார்டில் ஊசி போட்டுக் கல்லீரலிலிருந்து ஒரு துணுக்கு எடுப்பார்கள். தையல் நூல் பருமன், சுண்டுவிரல் நுனி நீளம். அதை மெழுகில் பதித்துக் கட்டியாக்கி, ஒரு மில்லிமீட்டரை இருநூற்றைம்பது பங்கு போட்டால் வரும் ஒரு பங்கின் கனத்துக்குச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி டாக்டர்களிடம் கொடுக்க வேண்டும். நகக்கண்ணில் எப்போதும் மெழுகு. வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர் என்னவென்று கேட்டால் கூடத்தில் பாதிப் பேர் விழிப்பார்கள். "அக்கா" என்றால் யாரோ. "மெழுகக்கா" என்றால் இவர் ஒருவர்தான்.

வீட்டில் கதை வேறு. கேரட்டை நாலே துண்டாகப் போடுவார். பஸ் ஓட்டும் கணவர் கிண்டல் செய்வார்: "இவ சாம்பார்ல காய் தேட வேணாம், காய்க்கு நடுவுல சாம்பாரைத் தேடணும்." அதற்கு இவர், "அங்க நாள் முழுக்க மெல்லிசா வெட்டறேன். இங்கயாவது கொஞ்சம் தாராளமா இருக்கட்டுமே" என்று முடித்துவிடுவார்.

ஒரு கட்டியை எடுத்தால் மேஜையில் வேறு கட்டி இருக்காது. கண்ணாடியில் பென்சிலால் எண்ணை எழுதி, மூன்று முறை வாய்விட்டுச் சொல்வார். முடிந்ததும் தொட்டித் தண்ணீரின் மேல்பரப்பை மெல்லிய காகிதத்தால் வழித்தெடுப்பார். புதிதாக வந்தவர்கள் காரணம் கேட்டால், "ஒருத்தர் துணுக்கு தண்ணியில தங்கிட்டா அடுத்தவர் ஸ்லைடுல போய் ஒட்டிக்கும். பக்கத்து வீட்டுத் துணி நம்ம கொடியில கிடக்கிற மாதிரி. துணின்னா திருப்பிக் குடுத்துடலாம்" என்பார்.

இந்தக் கெடுபிடி பிறவிக் குணமில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் இரண்டு ஸ்லைடில் எண்ணை மாற்றி எழுதிவிட்டார். சாயங்காலம் சரிபார்க்கும்போது அவரே கண்டுபிடித்து, செருப்பைக்கூடப் போடாமல் மாடிப்படி ஏறி ஓடினார். அறிக்கை கையெழுத்தாகவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்துதான் எண்ணை மூன்று முறை சொல்வது.

மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. மஞ்சள் காமாலைக் கிருமி ஈரலில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டவர்களுக்குத் தினமும் ஒரு மாத்திரை. சேரும்போது ஒரு துணுக்கு, ஐந்து வருடம் கழித்து இன்னொரு துணுக்கு. கிருமி கொளுத்திப்போடும் அழற்சி வருடக்கணக்கில் புகைந்தால் ஈரலில் தழும்பு விழும். அந்தத் தழும்பு மாத்திரையால் குறைகிறதா, எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். சாயம் ஏற்றினால் ஈரல் மஞ்சளாகவும் தழும்பு சிவப்பாகவும் தெரியும். அக்கா டாக்டருக்குப் படித்தவர் இல்லை. சாயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதோடு அவர் வேலை முடிந்தது. ஆனாலும் இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிற கண். சிவப்பு கொஞ்சமாக இருந்தால் "ஓரத்துல கோலம் போட்டிருக்கு" என்பார். முற்றியிருந்தால், "வரப்பு கட்டிப்போச்சு" என்பார். அடுத்த ஸ்லைடை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

அந்த நேரம் அவருக்குத் தம்பி ஞாபகம் வரும். ஒரே தம்பி, ஒயரிங் வேலை செய்கிறவன். அவனுக்கும் அதே கிருமி. ஈரலில் வரப்பு கட்டிவிட்டதென்று சொல்லி வேறொரு கிளினிக்கில் இதே மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஒழுங்காகத்தான் சாப்பிட்டுவந்தான். ஏழு மாதத்துக்கு முன்னால் விட்டுவிட்டான். தம்பி மனைவி சொல்லித்தான் இவருக்கே தெரியும். போய்க் கேட்டபோது சிரித்தான். "தழும்பு என்ன சட்டையில பட்ட கறையா அக்கா, துவைச்சா போறதுக்கு? விழுந்தது விழுந்ததுதான். சும்மா எதுக்கு வரிசையில போய் நிக்கறது?" இவர் கத்தினார், அழுதார், பேசாமலும் இருந்து பார்த்தார். அவன் அசையவில்லை.

இப்படியிருக்கையில் ஒருநாள் காலை ஆராய்ச்சி டாக்டர் இறங்கி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும்; நல்ல பிள்ளை. கையில் ஸ்லைடுத் தட்டு.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கணும்."

"கேக்கறதுக்கு முன்னாடியே தப்பா நினைக்காதேன்னா, நினைக்கிற மாதிரி ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?"

அவர் இரண்டு ஸ்லைடுகளை நுண்ணோக்கியில் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினார். இரண்டிலும் எண் முந்நூற்றுப் பதினேழு. முதலாவது, ஆராய்ச்சியில் சேர்ந்த அன்று எடுத்தது. பார்த்த இடமெல்லாம் தடித்த சிவப்பு வரப்பு. நடுவில் ஈரல் தீவு தீவாகக் கிடந்தது. இரண்டாவது, ஐந்து வருடம் கழித்து. வரப்புகள் அங்கங்கே அறுந்து, நூலாக இளைத்து, சில இடங்களில் இருந்த சுவடே இல்லை.

"குறையும், தெரியும். ஆனா இந்த அளவுக்குக் குறைஞ்சு நான் பார்த்ததில்ல. எங்கயாவது ஸ்லைடு மாறியிருக்குமோன்னு…" டாக்டர் இழுத்தார். "பரவாயில்ல அக்கா. இந்த ஒருத்தரை மட்டும் ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துட்டா யாருக்கும் பிரச்சினை இல்ல."

அக்காவுக்குக் காது சூடானது. "என்மேல சந்தேகம்னா என்னைக் கேளுங்க. அவரை ஏன் எடுக்கறீங்க? அஞ்சு வருஷம் ஒருநாள் விடாம மாத்திரை முழுங்கியிருக்காரு. ரெண்டு தடவை விலாவுல குத்திக்கிட்டிருக்காரு. அவரைப் போய் ஆளே இல்லைன்னு சொல்லிடுவீங்களா?"

டாக்டர் ஸ்லைடுகளைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு படியேறினார். அவர் போன பிறகு கோபம் வடிந்துவிட்டது. வடிந்த இடத்தில் பயம் வந்தது. அந்த இரண்டாவது ஸ்லைடைச் சாயத்திலிருந்து எடுத்துப் பார்த்த நாள் அக்காவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. மனசு துள்ளியது. தம்பிக்கும் இப்படி ஆகக் கூடாதா என்று நினைத்து, அன்றைக்கெல்லாம் முகத்தில் சிரிப்போடு திரிந்தார். ஆசைப்பட்ட மனசு கையை ஏமாற்றியிருந்தால்? மூன்று முறை எண்ணைச் சொன்னது வாய்தானே, கண் எதைப் பார்த்துக்கொண்டிருந்ததோ.

மத்தியானம் அவரே மாடி ஏறினார்.

"திரும்ப வெட்டறேன் டாக்டர். ரெண்டு கட்டியையும். ஒரே ஆளுதானான்னு மரபணு வச்சுப் பார்க்கலாமே, அதுக்கும் வெட்டிக் குடுக்கறேன். ஆனா எது முதல், எது ரெண்டாவதுன்னு எனக்குத் தெரியக் கூடாது. வேற யாராவது நம்பரை மறைச்சுக் குடுக்கணும், கூடவே நிக்கணும்."

"உங்களை யாரும் சந்தேகப்படல அக்கா."

"நான் படறேன். என் தம்பிக்கு இதே வியாதி. இது நிஜமா இருக்கணும்னு எனக்கு ஆசை இருக்கு. ஆசை இருக்கிற கையை நம்பக் கூடாது."

சொல்லிவிட்டாரே ஒழிய, சுலபமில்லை. கட்டிகளில் மிச்சமிருந்த ஈரல் நூல் கொஞ்சம்தான். ஒருமுறை இயந்திரத்திலிருந்து இறக்கிய கட்டியைத் திரும்பப் பொருத்தும்போது கோணம் மயிரிழை பிசகினாலும் போதும், அதை நேராக்குவதற்குள் உள்ளே இருப்பது சீவிச் சீவியே தீர்ந்துவிடும். மறுபடி கேட்க முடியாது. முந்நூற்றுப் பதினேழின் விலாவில் மூன்றாம் முறை யார் குத்துவது?

மறுநாள் ரத்தப் பரிசோதனைப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து எண்களின் மேல் காகிதம் ஒட்டிக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். முதல் கட்டி வம்பு செய்யவில்லை. கத்தியை மாற்றி, தொட்டித் தண்ணீரைக் கொட்டிப் புதிதாக நிரப்பி, இரண்டாவதைப் பொருத்தினார். முதல் சுற்றிலேயே ஏடு பொடிப்பொடியாக உதிர்ந்தது. கட்டி காய்ந்துபோயிருந்தது.

"ஐயையோ" என்றார் அந்தப் பெண்.

அக்கா கட்டியைக் கழற்றவில்லை. ஈரப் பஞ்சை அதன் முகத்தில் வைத்து, மேலே பனிக்கட்டியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் அப்படியே நின்றார். விரல் விறைத்து வெளுத்தது. பிறகு மூச்சை விட்டுவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினார். ஏடு வந்தது. இன்னொன்று வந்தது. நான்கு கண்ணாடிக்கு, எட்டு மரபணுக் குப்பிக்கு. அதற்கு அடுத்த சுற்றில் வெறும் மெழுகுதான் வந்தது. அந்தக் கட்டியில் இனி எவருடைய ஈரலும் இல்லை. அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முடிவு வர மூன்று வாரம் ஆயிற்று. டாக்டர் படியில் தடதடவென்று இறங்கி வந்தார். "ஒரே ஆளுதான் அக்கா! ரெண்டும் ஒரே ஆளு. புது ஸ்லைடுலயும் சாயம் அதையேதான் காட்டுது. முந்நூத்திப் பதினேழை எடுக்கல. உள்ளதான் இருக்காரு."

அக்கா கத்தி மாட்டும் இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை. "ஒருத்தருக்குத் தழும்பு இறங்கினா எல்லாருக்கும் இறங்குமா டாக்டர்? என் தம்பி மாத்திரையை நிறுத்திட்டான்."

"எல்லாருக்கும் இறங்காது அக்கா. ஆனா மாத்திரையை நிறுத்தினா ஈரல் திடீர்னு கொதிச்சு எழும். அது ஆபத்து. இருக்கிற ஈரலும் போயிடும்."

அன்று மத்தியானமே அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போனார். அவன் கூடத்தில் ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தான்.

"முந்நூத்திப் பதினேழுன்னு ஒருத்தர் இருக்காரு" என்று ஆரம்பித்தார்.

"யாரு அது?"

"தெரியாது. ஆணா பொண்ணான்னுகூடத் தெரியாது. உனக்கிருக்கிற அதே வரப்புதான் அவருக்கும். அஞ்சு வருஷத்துல அறுந்துபோச்சு. என் கையால ரெண்டு தடவை வெட்டிப் பார்த்தேன்."

அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். "எனக்கும் அப்படி ஆகும்ங்கறியா?"

"ஆகும்னு சொல்ல வரல. ஆகலாம்னு சொல்றேன். பொய் சொல்லணும்னா ஏழு மாசம் முன்னாடியே சொல்லியிருப்பேனே."

அவன் விசிறியின் இறக்கையை எடுத்தான், துடைத்தான், திரும்ப வைத்தான். "சரி, நாளைக்குப் பார்க்கலாம்."

அவன் மாத்திரை வாங்கும் கிளினிக் நாலு மணி வரை உண்டு. மணி இரண்டரை. அக்கா எழுந்து வாசலுக்குப் போனார். சுவரோரம் கிடந்த தம்பியின் செருப்பைக் குனிந்து எடுத்து, தூசி தட்டி, தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றுகொண்டார்.