துடுக்கு என்றொரு சொல்

என் மனைவியை ஊமையாக்கியவன் நான். அவளுக்கு இன்றும் பேச்சு வரும்... ஆனாலும் ஊமையாக்கினேன்!

இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அவள் பெயர் பாக்கியம். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். நான் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார். கொட்டகலை பஸ் நெரிசலில் ஒருநாள் அவள் காலை மிதித்துவிட்டேன்.

“மன்னிச்சுக்கங்க, கால் தெரியலை” என்றேன்.

“காலே தெரியாம, பிள்ளைங்களுக்கு அரையும் முக்காலும் எப்படிங்க சார் சொல்லிக் குடுக்குறீங்க?”

பஸ்ஸே சிரித்தது. நானும்தான்! அந்தச் சிரிப்பு அடங்குமுன்பே, கட்டினால் இவளைத்தான் என்று மனம் முடிவு செய்துவிட்டது.

கல்யாணத்திற்குப் பிறகு அவளைத் ‘துடுக்கு’ என்றே அழைத்தேன்.

“இது திட்டாங்க, கொஞ்சலாங்க?”

“கொஞ்சல்தான். கேட்ட மாத்திரத்தில் சுருக்கென்று, கேட்பவரும் சிரிக்கும்படி பதில் சொல்கிறாயே... அந்தச் சாமர்த்தியத்துக்குப் பெயர்.”

“அப்ப நாலு பேர் முன்னாடியும் கூப்பிடுங்க!” என்று அடுப்பை ஊதியபடியே சிரித்தாள்.

அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அடங்காமை, மரியாதைக் கேடு... அதை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நாள் வருமென்று நினைத்தேனா?

வந்தது. பள்ளியைப் பார்வையிட வந்த கல்வி அதிகாரி எங்கள் வீட்டில் சாப்பிட்டார். என் வேலை நிரந்தரமாவது அவர் கையில் இருந்தது. சோற்றைப் பிசைந்தபடி, “கொழுந்து பறிக்கிற பிள்ளைகளுக்குக் கணக்கு எதுக்கு?” என்றார்.

பரிமாறிக்கொண்டிருந்த பாக்கியம் சட்டென்று சொன்னாள்: “கணக்குத் தெரியாததாலதாங்க ஐயா, எங்க கூடையில கொழுத்திருந்த கொழுந்து தராசுல ஏறினதும் இளைச்சுப்போகுது!”

அவர் முகத்தைப் பார்க்கக்கூட நான் காத்திருக்கவில்லை.

“துடுக்குத்தனத்தை அடக்குடி!” என்று கத்தினேன். பிறகு அவரிடம் குழைந்து, “லயத்திலே வளர்ந்தவ ஐயா... மரியாதை தெரியாது” என்றேன்.

நான் மட்டும் எங்கே வளர்ந்தேன்? அதேபோன்ற ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்தானே!

அவள் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். அதிகாரி என்னை வியப்போடு பார்த்தார். “ஏன் அதட்டுறீங்க மாஸ்டர்? சரியாத்தானே சொன்னாங்க!” என்று வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் கேட்க அவள் அங்கே இல்லை.

வேலை நிரந்தரமானது. பாக்கியம் என்னோடு சண்டை போடவில்லை, அழவில்லை. என் சட்டையைத் துவைத்தாள். காய்ச்சலில் கிடந்தபோது கண் விழித்து நெற்றியில் பற்றுப் போட்டாள். ஆனால் எதைச் சொன்னாலும் ஒரே பதில்: “சரிங்க.” வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தும் பார்த்தேன்... “சரிங்க.” மன்னிப்புக் கேட்டேன். அதற்கும், “சரிங்க”!

ஆண்டுகள் ஓடின. ஒரு மாலை எங்கள் மகள் விளையாடப் போக வேண்டுமென்று அடம்பிடித்தாள்.

“மழை விட்டதும் போ” என்றேன்.

“இந்த ஊருல மழை விடுறதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிடும்ப்பா!”

எனக்குள் எதுவோ துள்ளி எழுந்தது. சிரிக்க வாய் திறந்தேன்...

அதற்குள் பாக்கியம் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். ஈரக் கையால் பிள்ளையின் வாயை இறுகப் பொத்தினாள்.

“அப்பாகிட்டத் துடுக்கா பேசக் கூடாதுடி!”

அவள் விரல்களுக்கு மேலே, குழந்தையின் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.