மருந்து அடித்தவருக்காக எழுதிய வரி

1. யார் இந்த ஏஜண்ட்?

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் கேட்ட ஒரு கேள்விக்கு எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சுகாதாரத் துண்டுப்பிரசுரங்களை மொழிபெயர்த்தே தலை நரைத்தவள் நான். இரத்தினபுரியில் ஒரு சிறிய கணினி நிறுவனம் எழுத ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். அதன் பொறுப்பாளர் ருவன் என்னைவிட மிகவும் இளையவர். தமிழ், சிங்கள மருத்துவச் சொற்களைத் தேடும் டூல் ஒன்றைத் திரையில் காட்டினார்.

"இதுக்கு டாகுமெண்டேஷன் எழுதணும் அக்கே."

"யாரு வாசிக்கப் போறாங்க? டாக்டர்மாரா, மிஸ்ஸிமாரா?"

"ரெண்டு பேரும் இல்ல. ஏஜண்ட்."

எனக்குத் தெரிந்த ஏஜண்ட் மத்திய கிழக்குக்கு ஆள் அனுப்புகிறவர்தான். "அவருக்கு எதுக்கு மருத்துவச் சொல்லு?" என்று கேட்டுவிட்டேன்.

சிரித்து முடித்து ருவன் பொறுமையாக விளக்கினார். தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் நோயாளி சொல்வதை மிஸ்ஸி, அதாவது தாதி, அப்படியே டைப் செய்வார். ஏஜண்ட் என்பது செயற்கை நுண்ணறிவு மென்பொருள். அது மிஸ்ஸி டைப் செய்ததைப் படித்து, இந்த டூலில் தேடி, எந்த டாக்டருக்கும் புரியும் பொதுச் சொல்லையும் அதற்குரிய குறியீட்டு எண்ணையும் எடுத்து, ஒரு வரைவுக் குறிப்பு எழுதித் தரும். டூலை எப்படிப் பயன்படுத்துவது என்பதை ஒவ்வொரு முறையும் டாகுமெண்டேஷனைப் படித்துத்தான் அது தெரிந்துகொள்ளும். எழுதியிருப்பதை அப்படியே நம்பும். அதுவரை அதில் இருந்தது எஞ்சினியர் ஒருவர் அவசரத்தில் எழுதிய ஒரே வரி: "சொல்லைக் கொடு, முதலில் வரும் விடையை எடு."

2. யோகா மிஸ்ஸியின் கோபம்

நான் எழுதி முடிப்பதற்குள்ளேயே றக்வானைக்கு மேலே ஒரு தோட்டத்தில் டூலை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அங்கிருந்த யோகா மிஸ்ஸி எனக்குப் போன் செய்தார்.

"நீங்கதான் அந்த ஏஜண்டுக்குப் பாடம் எழுதுறவங்களா? அது பண்ணின வேலைய கேளுங்க."

செல்வராஜ் அந்தத் தோட்டத்தில் பூச்சிமருந்து தெளிப்பவர். முதுகில் சுமந்த டாங்கி ஒழுகி, சட்டையெல்லாம் நனைந்து, மனைவி தாங்கிப் பிடிக்க மருந்தகத்துக்கு வந்திருக்கிறார். "காலையில இருந்து மருந்து அடிச்சேன் மிஸ்ஸி. தல சுத்துது, வாந்தி வாந்தியா வருது" என்றிருக்கிறார். மிஸ்ஸி அதையே டைப் செய்தார். ஏஜண்ட் அந்த வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டி, 'மருந்து' என்று ஒரு முறையும் 'அடித்தல்' என்று ஒரு முறையும் தேடி, முதல் விடைகளை ஒட்டவைத்து எழுதித் தந்தது: "போதை மருந்தை ஊசி மூலம் ஏற்றிக்கொள்பவர்."

யோகா மிஸ்ஸி அதை அழித்துவிட்டு, செல்வராஜைக் குளிக்க வைத்து, தன் கையால் குறிப்பெழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். ஆனால் திரையில் இருந்ததை அதற்குள் செல்வராஜின் மனைவி படித்துவிட்டார்.

"குடுக்காரர்னா எழுதியிருக்கு? எங்க வீட்டுக்காரரு பீடி கூட குடிக்கமாட்டாரு மிஸ்ஸி! லயத்து வீடுகளுக்கெல்லாம் தெரிஞ்சா எம்புள்ளைய எவன் வந்து பொண்ணு கேப்பான்?" என்று அழுதிருக்கிறார். எங்கள் பக்கத்தில் போதைத்தூளுக்குக் குடு என்று பெயர்.

மிஸ்ஸி என்னிடம் சொன்னது இதுதான்: "அவரு கொணமாகி செக்கப்புக்கு இங்கதான் வருவாரு. இதே வார்த்தையத்தான் திரும்பச் சொல்லுவாரு. வேற எப்புடி சொல்லுவாரு? அவரு பேருல அந்த அசிங்கம் ஏறக் கூடாது. அதுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லாட்டி இந்தப் பெட்டிய தூக்கிட்டுப் போயிருங்க."

3. பெஹெத் கஹனவா

ருவனிடம் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "வம்பு வேணாம் அக்கே. தமிழ எடுத்துருவோம். சிங்களம் மட்டும் ஓடட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. அடக்கிக்கொண்டு, "உங்க ஊர்ல வயலுக்கு மருந்து தெளிக்கிறத சிங்களத்துல எப்புடி சொல்லுவாங்க?" என்று கேட்டேன்.

"பெஹெத் கஹனவா" என்றவர், திரையைத் திரும்பிப் பார்த்தார். பெஹெத் என்றால் மருந்து, கஹனவா என்றால் அடிக்கிறது. "அம்மோ! எங்க அப்பா வயலுக்கு பெஹெத் கஹன ஆளுதானே. அவரையும் இது குடுக்காரன்னு எழுதிரும்!"

அதற்குப் பிறகு தமிழை எடுக்கும் பேச்சே எழவில்லை. எஞ்சினியரை என் மேசைக்கே அனுப்பிவைத்தார். தான் சொன்னதைத் தானே மாற்றிக்கொள்ளும் மேலதிகாரி கிடைப்பது லேசில்லை. எனக்குக் கிடைத்தார்.

எஞ்சினியர், 'மருந்து அடித்தல்' என்றால் பூச்சிமருந்து தெளித்தல் என்று டூலில் சேர்த்துவிடலாம் என்றார். போனில் அதைக் கேட்ட யோகா மிஸ்ஸி ஒத்துக்கொள்ளவில்லை.

"அப்ப நெசமாவே ஊசி ஏத்திக்கிறவன் வந்தா? அவனுக்கும் தெளிக்கிற வேலைனு எழுதிருமே. சந்தேகம்னா நான் வாயத் தொறந்து கேப்பேன். அது ஏங்க கேக்கமாட்டேங்குது?"

கேட்கச் சொல்லி யாரும் அதற்கு எழுதவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கே எழுதினேன்: "நோயாளியின் வாக்கியத்தை உடைக்காமல் முழுதாகத் தேடு. டூல் சொற்களைத்தான் பொருத்தும். முதல் விடை சரியான விடையாக இருக்க வேண்டியதில்லை. விடைகள் வெவ்வேறு பொருள் தந்தால் நீயாகத் தேர்ந்தெடுக்காதே, மிஸ்ஸியைக் கேள். ஒன்றும் பொருந்தாவிட்டால் நோயாளி சொன்னதை அப்படியே எழுது."

செல்வராஜ் வரும் நாளில் நானும் றக்வானைக்குப் பஸ் ஏறினேன். அந்த வளைவுகளில் எனக்கே தலை சுற்றியது. அவர் தேறியிருந்தார். மனைவியின் கண் மட்டும் திரையைவிட்டு அகலவில்லை. "அன்னைக்கு மருந்து அடிச்சேன்ல மிஸ்ஸி…" என்று ஆரம்பித்தார். யோகா மிஸ்ஸி டைப் செய்தார். திரையில் ஒரு கேள்வி வந்தது: "மருந்து அடித்தது என்பது செடிகளுக்குத் தெளித்ததா, தன் உடம்பில் ஏற்றிக்கொண்டதா? நோயாளியிடம் கேட்டுச் சொல்லுங்கள்."

மிஸ்ஸி உரக்க வாசித்தார்.

"தேயிலைக்குத்தாங்க அடிச்சேன்" என்றார் செல்வராஜ்.

அடுத்து வந்த குறிப்பு: "தெளிக்கும் வேலையின்போது பூச்சிமருந்து பட்டதால் ஏற்பட்ட நச்சுப் பாதிப்பு." மனைவி அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எனக்கும்தான்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். டூல் என்னவெல்லாம் செய்யும் என்று எல்லாரும் எழுதுவார்கள். அது எந்த இடத்தில் நின்று ஒரு மனிதரைக் கேட்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். எனக்கு அது போனில் வந்த ஏச்சில்தான் புரிந்தது. ஏசிய யோகா மிஸ்ஸிக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.