பினாங்கு கட்டிய பள்ளிக்கூடம்

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் எதைத் தொட்டாலும் பினாங்கு. பள்ளிவாசல் ஓடு, கிணற்றுச் சுவர் எல்லாம் அங்கே கடைகளில் நின்ற எங்கள் ஆட்கள் சேர்ந்து அனுப்பிய பணத்தில் வந்தவை. ஆட்கள்தான் வரவில்லை.

சுலைஹா கிடங்கில் சுக்குக்கு இஞ்சி தோல் சீவியவள். 1953இல், கல்யாணமான மறு வருஷமே அவள் புருஷன் ரஷீது பினாங்குக்குக் கப்பலேறினான். வயிற்றில் அப்போது மகள் சுல்ஃபத். அதன்பின் ஒரே தடவை வந்து நாற்பது நாள் இருந்துவிட்டுப் போனான். பினாங்குக்காரன் பெண்சாதி கிடங்குக்குப் போகக்கூடாது என்று அவன் சொல்லிவிட்டதால், அவள் வீட்டில் இருந்து காத்துக்கொண்டிருந்தாள். அதுவும் ஒரு வேலைதான், கூலி இல்லாத வேலை.

பினாங்குப் பணத்தில் முதலில் ஓலைக்கொட்டகைப் பள்ளிக்கூடம் வந்தது. சுல்ஃபத் அதில்தான் படித்தாள். 1962இல் ஓட்டுக் கட்டடம் எழும்பியது. திறப்புக்கு வந்துவிடுவேன், இனிக் கப்பலேற மாட்டேன் என்று ரஷீது எழுதியிருந்தான். சுலைஹா பச்சைச் சேலை ஒன்று வாங்கி வைத்தாள்.

ரஷீது அங்கே காய்ச்சலில் மௌத்தான செய்தி பள்ளிக்கூடக் கமிட்டிக்குத்தான் வந்தது. திறப்பு முடியட்டும், நல்ல காரியத்தில் அழுகை வேண்டாம் என்றார் தலைவர் ஷௌகத் அலி. கமிட்டிக்கு எழுத்து வேலை பார்த்த நானும் மண்டையை ஆட்டினேன். கூரை வேலை முடியாமல் திறப்பு தள்ளித் தள்ளிப் போயிற்று. நாங்கள் கேட்டுக்கொண்டபடி, பினாங்கில் இருந்த அவன் கூட்டாளிகள் அவன் பெயரிலேயே மாதப் பணம் அனுப்பினார்கள். கப்பல் கிடைத்திருக்காது என்று அவளிடம் வாய் கூசாமல் சொன்னேன்.

பணம் தந்தவர்களின் பட்டியல் பினாங்கிலிருந்து வந்தது. அதை அப்படியே கல்வெட்டுகிறவனிடம் கொடுத்தவனும் நான்தான்.

திறப்பன்று ஆண்கள் நெய்ச்சோறு தின்று கலைந்ததும் பெண்கள் கட்டடம் பார்க்க வந்தார்கள். சுலைஹா பச்சைச் சேலையில் வந்தாள். ஆள் வராவிட்டாலும் பேராவது வந்திருக்குமே, படி என்று மகளிடம் சொன்னாள். சுல்ஃபத் கல்லில் விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்து ஆறாவது வரியில் நின்றுவிட்டாள்.

“உம்மா, வாப்பா பேருக்கு முந்தி மர்ஹூம்னு போட்டிருக்கு.”

இறந்தவர் பெயருக்கு முன்னால் போடும் சொல் அது. சுலைஹாவுக்குப் படிக்கத் தெரியாது என்று நான் கவலையற்று இருந்துவிட்டேன். மகளைப் படிக்க வைத்ததே அந்த வாப்பா அனுப்பிய பணம் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

சுலைஹா என் பக்கம் திரும்பினாள். “எப்போ, நஜ்முதீனிக்கா?”

ஐந்து மாதமாகிறது என்றேன்.

புருஷன் மௌத்தானால் அந்த நாளிலிருந்து நாலு மாதம் பத்து நாள் வீட்டுப்படி தாண்டாமல், வெள்ளை உடுத்து இத்தா இருப்பது எங்கள் வழக்கம். அவள் விரல் மடக்கி எண்ணினாள்.

“அப்போ இத்தா நாளும் கழிஞ்சுபோச்சு. அவருக்காக நான் அதுகூட இருக்கலியே இக்கா. வர்ணச் சேலை உடுத்துக் கல்யாண வீட்டுக்கெல்லாம் போனேனே.”

மறுநாள் வெள்ளை உடுத்து உள்ளே போனவள், நாலு மாதம் பத்து நாள் கழித்துத்தான் வெளியே வந்தாள். மார்க்கம் அவளிடம் கேட்காத இத்தா அது. வேண்டாம் என்று சொல்ல எங்களில் யாருக்கும் முகமில்லை.