ஐஸ்பெட்டி கதைத்த பின்னேரம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் பதினோராம் வகுப்பு, ஓஎல் சோதனை வரைக்கும்தான் படித்தவன், அதுவும் ஒழுங்காக இல்லை. நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன் எழுத வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியும். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், விசயத்தில் பிழை இல்லை. இதை வாயால் சொன்னபோது இரண்டு பேர் சிரித்தார்கள், ஒருவர் நல்ல டொக்டரிடம் காட்டச் சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜின் இருக்கிறது என்று மார்க்கம் சொல்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கண்டேன், கேட்டேன், வந்து கதவைத் தட்டியது என்று யாராவது தொடங்கினால் நான் எழும்பிப் போய்விடுவேன். என் தொழில் அப்படி. கல்முனை பஸாரில் மின்விசிறியும் கிரைண்டரும் திருத்துகிறேன். தானாகச் சுற்றுகிறது, தானாக நிற்கிறது, இதில் ஏதோ இருக்கிறது என்று பயந்துபோய்க் கொண்டு வருவார்கள், திறந்து பார்த்தால் கெப்பாசிட்டர் போயிருக்கும். எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு கெப்பாசிட்டர் இருக்கும் என்று நினைத்திருந்தவன் நான்.

கொஞ்ச வருசமாக யூடியூப் பார்த்து, தீப்பெட்டி அளவில் விற்கிற சின்னச் சின்ன போர்டுகளில் விளையாடப் பழகியிருந்தேன். ஒரு போர்டில் சூடு குளிர் பார்க்கிற சென்சரைப் பூட்டினால், அது அளந்து அளந்து காற்றிலே அனுப்பும். இன்னொரு போர்ட் அதை வாங்கிச் சின்னத் திரையில் இலக்கமாகக் காட்டும். வயரும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். இரண்டும் ஒன்றோடு ஒன்று மட்டும்தான் கதைக்கும், வேறு ஒருவருடைய போர்ட் நடுவில் புகாதபடி நாங்களே அடையாளம் கொடுத்து வைப்போம்.

என் ராத்தா, அதாவது கூடப்பிறந்த அக்காவின் மாப்பிள்ளை, என் மச்சான், கல்முனைக்குடியில் இருந்து கடலுக்குப் போகிறவர். ஐஸ் கெதியாகக் கரைகிறது, மீன் இளகுகிறது, வாங்குகிற முதலாளி விலையைக் குறைக்கிறான் என்று ஒரு நாள் புலம்பினார். நான் அவருடைய வள்ளத்து ஐஸ்பெட்டிக்குள் ஒரு சென்சரை இறக்கி, போர்டையும் பற்றரியையும் தண்ணீர் புகாத போத்தலுக்குள் அடைத்துக் கட்டிக் கொடுத்தேன். திரை உள்ள போர்டை ராத்தாவின் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். மச்சான் அதைப் பார்த்துவிட்டு, "ஐஸுக்குக் காய்ச்சல் பாக்கிற ஒரே டொக்டர் நம்மட மச்சான்தான்" என்று கடற்கரை வாடியில் இருந்த எல்லாருக்கும் சொல்லிச் சிரித்தார். நான் வெட்கத்தில் ஒரு கிழமை அந்தப் பக்கமே போகவில்லை.

உண்மையைச் சொன்னால் அதால் மச்சானுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. ஐஸ் கடலில், திரை கரையில், கரைவது தெரிந்துதான் என்ன செய்வது? உதவியது ராத்தாவுக்கு. அந்த சிக்னல், கரையில் நின்றால் வள்ளம் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரைக்கும்தான் எட்டும். அதைத் தாண்டினால் திரையில் மூன்று கோடுகள் மட்டும் நிற்கும். அவர் திரும்பி வரும்போது கோடு போய் இலக்கம் வரும். உடனே ராத்தா "பெட்டி கதைக்குது" என்று சொல்லிக்கொண்டு பிளேன்டீக்குத் தண்ணீர் வைப்பா. வள்ளத்தை இழுத்துப் போட்டுவிட்டு அவர் வீட்டுக்கு வர, தேத்தண்ணி குடிக்கிற சூட்டில் இருக்கும். பிள்ளைகள் இல்லாத வீடு அது. அந்தத் திரையை ராத்தா தன் முந்தானையால்தான் துடைப்பா.

போன மாரிக்கு மச்சானும் இன்னொருவரும் போன வள்ளம் திரும்பவில்லை. அன்றைக்குக் காற்று மோசம். எத்தனையோ வள்ளங்கள் போய்த் தேடின. கூடப் போனவருடைய மையித்து தம்பிலுவில் பக்கம் கரை ஒதுங்கியது. மச்சானும் இல்லை, வள்ளமும் இல்லை.

மாப்பிள்ளை மவுத்தானால், அதாவது இறந்துபோனால், எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் வீட்டோடு இத்தா இருக்க வேண்டும். மவுத் என்று முடிவானால்தான் அந்தக் காலம் தொடங்கும். மௌலவிமார் பல நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு காயிப் ஜனாஸா, அதாவது மையித்து இல்லாமல் தொழுகிற ஜனாஸாத் தொழுகை தொழுவோம், ராத்தா அன்றையில் இருந்து இத்தா இருக்கட்டும் என்றார்கள். ராத்தா முடியாது என்றுவிட்டா. அவர் அந்தமானிலோ மாலைதீவிலோ ஒதுங்கி இருக்கிறார், உயிரோடு இருக்கிற மனிசனை மவுத்தாக்கின பாவம் உங்கள் தலையில் என்று பள்ளிவாசல் ஆட்களின் முகத்துக்கு நேரே சொன்னா. சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை, அந்தத் திரைக்கு முன்னால் இருந்து இருந்து ஆள் பாதியாகிவிட்டா.

வியாழக்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வெளியே வரும்போது, பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கிற மரைக்கார் என் கையைப் பிடித்துக்கொண்டு, தம்பி, நீங்கதான் உங்கட ராத்தாக்கு விளங்கப்படுத்தணும் என்றார். எனக்கா விளங்கப்படுத்தத் தெரியும்? ஆனாலும் போனேன்.

ராத்தா குசினியில் பலகைக் கட்டையில் இருந்தா. திரையில் அதே மூன்று கோடு. நான் நின்றேன், அங்கே இங்கே பார்த்தேன், கடைசியில் வாயில் வந்தது இதுதான்.

"ராத்தா, இத நான் கழட்டிக் கொண்டு போறன்."

"ஏன், கரண்டு பில் நீயா கட்டுற?"

"அதுக்கில்ல. வள்ளத்தில இருக்கிற பற்றரி ரெண்டு மூணு நாளைக்கு மேல நிக்காது. இனி வள்ளமே கரைக்கு வந்தாலும் இது கதைக்காது."

"நீ செஞ்ச சாமான நீயே நம்புறதில்ல," என்றா, என்னைப் பார்க்காமலே.

அதைக் கழற்றினால் அவ காத்திருப்பது நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். பிளக்கில் கை வைத்தேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள், கை வைத்த அந்த நேரம் கோடு போய் இலக்கம் வந்தது. ஒன்றரை டிகிரி. சிக்னலின் பலத்தைக் காட்டுவதற்கு ஓரத்தில் சின்னக் கட்டங்கள் போட்டிருந்தேன், அத்தனையும் நிறைந்து கிடந்தன. வள்ளம் கரையில், மணலில் நின்றால்தான் அப்படி நிறையும்.

நான் செருப்பும் போடாமல் ஓடினேன். நல்ல வெயில், கடல் குளம் மாதிரிக் கிடந்தது. கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்களிடம் வள்ளம் ஏதும் வந்ததா என்று கேட்டேன், வரவும் இல்லை, போகவும் இல்லை என்றார்கள். கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஒரு பொட்டுக்கூட இல்லை. அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் நான் திரும்பி நடந்துவிட்டேன்.

குசினிக்கு வந்தால் ராத்தா எழும்பி நிற்கிறா. அடுப்பு மூட்டவில்லை. திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன.

"ஒருத்தருமில்ல ராத்தா," என்றேன்.

"தம்பி, இது வாற கணக்கில்ல."

எனக்கு விளங்கவில்லை.

"அவர் வரக்குள்ள ஐஸ் கரைஞ்சி எட்டு, ஒம்பது காட்டும். ஒரு நாளும் ஒண்டரையோட வந்தவரில்ல. புது ஐஸ் போட்டுக்கொண்டு இறங்கக்குள்ளதான் ஒண்டரை. இது போற கணக்கு."

அவ சொன்னது சரி. ஐஸைப் பற்றி நான் அவ்வளவு யோசித்ததே இல்லை. இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசிக் கட்டமும் மங்குகிற நேரம், ராத்தா திரையைத் தொடுகிற மாதிரிக் கையை நீட்டி, "ஃபீ அமானில்லாஹ்" என்றா, மெதுவாக. மச்சான் வாசல் படலையைத் தாண்டும்போது ஒவ்வொரு தரமும், அல்லாஹ்வின் காவலில் என்று அவ சொல்கிற துஆ அது. பிறகு மூன்று கோடு.

ராத்தா தானே பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி, என் கையில் தந்தா.

"மரைக்காரிட்டச் சொல்லு, நாளைக்குத் தொழட்டாம்."

அதற்குப் பிறகுதான் அழுதா. அத்தனை நாளும் அழாத ஆள். நானும் அழுதேன், அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்குக் கொண்டுபோய் அந்த போர்டை எத்தனை தரம் கழற்றிப் பார்த்தேன் தெரியுமா? பழைய இலக்கம் ஏதும் உள்ளே தங்கி இருந்து வந்ததோ என்று யோசித்தேன். அதில் எதையும் சேமித்து வைக்க நான் வழி செய்யவே இல்லை, கரண்டு ஒரு தரம் போய் வந்தால் எல்லாம் அழிந்துவிடும், அந்த மாதம் கரண்டு எத்தனையோ தரம் போனது. அதுகூடப் பரவாயில்லை. ராத்தாவிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. வள்ளத்து போர்ட் தான் அனுப்புகிற ஒவ்வொரு தகவலுக்கும் ஒன்று, இரண்டு என்று வரிசை இலக்கம் போடும், அது திரையின் அடியில் சின்னதாகத் தெரியும். எப்படியோ பற்றரி உயிரோடு இருந்து அனுப்பியிருந்தால் அது ஆயிரக்கணக்கில் நின்றிருக்க வேண்டும். நான் பிளக்கில் கை வைத்தபோது அங்கே கண்ட இலக்கம் ஒன்று. புதிதாக சுவிட்ச் போட்டால் மட்டும்தான் ஒன்றில் தொடங்கும். அந்த சுவிட்சை எப்போதும் மச்சான்தான் போடுவார், வள்ளத்தைத் தண்ணீருக்குள் தள்ளுவதற்கு முன்னால், மணலில் நின்றுகொண்டு.

மறுநாள் ஜும்ஆவுக்குப் பிறகு காயிப் ஜனாஸா தொழுதார்கள். ராத்தா வெள்ளை உடுத்து இத்தாவுக்கு இருந்தா. பின்னேரம் மழை பெய்தது.