கதவோர நாற்காலிக்காரி

மூச்சு விடுவதற்கு எனக்கு ஒருத்தி பாடம் எடுப்பாள் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், போய் வேறு வேலை இருந்தால் பாருங்கள் என்று துரத்தியிருப்பேன். பள்ளி வேன் ஓட்டுகிறவள் நான். பதினெட்டுப் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே பத்து வருஷமாக ஒழுங்காகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் ஏழு மாதம்கூட நிறையாமல் பிறந்த என் மகள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நாட்களில், தினமும் காலை பதினொரு மணிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நானும் அந்தப் பாடத்தைப் படித்தேன். என் கதையைச் சொல்ல வரவில்லை. பக்கத்துப் பெட்டிக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த வார்டில் அம்மாக்களுக்குப் பெயர் கிடையாது. பிள்ளை படுத்திருக்கும் பெட்டியின் நம்பர்தான் அம்மாவுக்கும். அவள் ஏழு, நான் எட்டு. "ஏழு, பாட்டிலைக் கொண்டா", "எட்டு, கையைக் கழுவினியா?" என்று பெரிய சிஸ்டர் கூப்பிடுவார். முதல் நாள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்காம் நாள் யாரோ கழிவறைக் கதவைத் தட்டி உள்ளே யார் என்று கேட்டபோது, எட்டு என்று என் வாயே பதில் சொன்னது.

ஏழுக்கு இருபத்தாறு வயது. ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் வேலை. பதினாறு கேமராக்களின் படங்கள் ஓடும் திரைக்கு முன்னால் எட்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் கீழே இருக்கும் காவலாளிக்குப் போன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். கொட்டாவி வந்தால்கூடக் கண்ணை மூடாமல் விடப் பழகியிருந்தாள். "ஒரு தடவை தும்மினேங்க்கா, மூணு பெட்டியைக் காணோம்" என்பாள். சிரிக்காமல்தான் சொல்வாள். அது நிஜமா விளையாட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவள் மகன் எண்ணூற்று ஐம்பது கிராம். மற்ற அம்மாக்கள் கொடுத்த பாலை மூக்குக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பெற்றவளின் பால் வந்தால் அதற்கு ஈடே இல்லை, அதுதான் அவனுக்கு முதல் மருந்து என்று டாக்டர் அவளிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். அவளும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலறைக்கு வந்து, பால் எடுக்கும் பம்பை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்காருவாள். பாட்டிலின் அடி நனைந்திருக்கும். சில நாள் அதுவும் இருக்காது.

மனதை லேசாக வைத்துக்கொண்டால் பால் தானாக இறங்கும் என்றார்கள். மனசு என்ன தலைச்சுமையா, இறக்கி வைப்பதற்கு? எனக்கு வந்த கோபத்துக்கு யாரையாவது கடித்துக் குதறியிருப்பேன். அதற்குள் மூச்சு மேடம் வந்து சேர்ந்தார். அவருக்கு அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். ஒல்லியாக, பஞ்சு மாதிரிக் குரலோடு இருந்தார். பாதத்தைத் தரையில் பதித்துக்கொள்ளணும். தோளைக் காதுவரை தூக்கி, ஐந்து எண்ணிவிட்டு, தொப்பென்று விடணும். கையை இறுக மூடித் திறக்கணும். பிறகு கண்ணை மூடி, நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடணும். எங்கே நிம்மதியாக இருந்தோமோ அந்த இடத்தை நினைத்துக்கொள்ளணும். நான் என் வேனை நினைத்துக்கொண்டேன். கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு, எஞ்சினை அணைத்த பிறகு வருமே ஓர் அமைதி, அதை.

முதல் இரண்டு நாள் அந்தப் பாடம் யாருக்கும் உதவவில்லை. ஆறு பேர் இருந்தோம். ஒருத்தியும் முழுசாகக் கண்ணை மூடவில்லை. பாலறைக்கும் வார்டுக்கும் நடுவே கண்ணாடி பதித்த ஒரு கதவு. அந்தப் பக்கம் எந்தக் கருவி பீப் என்றாலும் ஆறு கழுத்தும் ஒன்றாகத் திரும்பும். யார் பிள்ளைக்கோ என்று எழுந்து எட்டிப்பார்ப்போம். மூச்சு மேடமும் பாவம், நான்கு எண்ணுவதற்குள் மூன்று முறை நிறுத்துவார்.

மூன்றாம் நாள் ஏழு தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்க் கதவோரம் போட்டாள். அங்கிருந்து பார்த்தால் ஆறு பெட்டிகளின் திரைகளும் தெரியும். அவளுக்கு அது தண்ணி பட்ட பாடு. "எனக்கு எப்படியும் மூட வராது. நீங்க மூடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்றாள். மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஐந்து பேரும் கண்ணை மூடிவிட்டோம்.

உண்மையைச் சொல்கிறேன், பிள்ளை பிறந்த பிறகு நான் முதல் தடவையாக மூச்சை முழுசாக விட்டது அன்றைக்குத்தான். சத்தம் கேட்கும். உடனே அவள் குரல் வரும். "அஞ்சு. காலை ஆட்டினான், வேற ஒண்ணுமில்ல." கொஞ்ச நேரம் கழித்து, "எட்டு, உன் பொண்ணு தூங்குறா." அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று எங்களுக்குத் தெரிந்துபோயிற்று. எனக்குப் பால் வந்தது. ஐந்தாம் பெட்டிக்காரிக்கு வந்தது. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்த அவளைத் தவிர.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. ஒருநாள் பெயர்ச்சீட்டு ஒட்டுவதற்காக என் பாட்டிலையும் அவள் பாட்டிலையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என்னுடையது பாதி நிறைந்திருந்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவள் பிள்ளையின் பாலை நான் குடித்துவிட்ட மாதிரி இருந்தது.

நாளையிலிருந்து நான் கதவோரம், நீ உள்ளே என்று சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. வேன் ஓட்டுகிறவளுக்குத் திரையைப் பற்றி என்ன தெரியும் என்று மடக்கினாள். கண்ணாடியில் பதினெட்டுக் குரங்குகளைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுகிறவள் நான் என்றேன். அப்புறம்தான் இறங்கி வந்தாள். மூன்று நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். மேலே பச்சை எண் இதயத் துடிப்பு. கீழே நீல எண் ரத்தத்தில் ஓடும் ஆக்சிஜன். தொண்ணூறைச் சுற்றி ஆடினால் கவலைப்படாதே. எழுபதுக்குக் கீழே இறங்கினால் என்னைக் கூப்பிடு.

"கண்டிப்பா கூப்பிடுவியாக்கா?"

"கூப்பிடறேன்."

மறுநாள் பதினொரு மணிக்கு நான் கதவோரம் போனேன், அவள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். மேடம் எண்ணிக்கொண்டே இருந்தார். ஆறாவது ஏழாவது மூச்சில் அவள் தோள் இறங்கியதைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்துகொண்டது. பம்பிலிருந்து சொட்டு விழுந்தது, இன்னொன்று விழுந்தது, பிறகு விடாமல் இறங்கத் தொடங்கியது. மேடம் எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் திரையின் பக்கம் திரும்பினேன். ஏழாம் திரையில் நீல எண் எண்பத்திரண்டு. எழுபத்தைந்து. அறுபத்தொன்று. பெரிய சிஸ்டர் ஓடினார், பின்னாலேயே டாக்டர். பீப் சத்தம் கேட்டும், என் குரலை நம்பி அவள் கண்ணைத் திறக்கவில்லை. கூப்பிட வாயைத் திறந்தேன். அவளைப் பார்த்தேன். பாட்டிலில் பால் ஏறிக்கொண்டிருந்தது. இவள் அங்கே போய் என்ன செய்யப்போகிறாள், அவர்கள்தான் இருக்கிறார்களே, தினம் நடப்பதுதானே, இதுவும் சரியாகிவிடும், இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை.

நான்கு நிமிஷம். சுவர்க் கடிகாரம் எனக்கு நேர் எதிரே இருந்தது.

பிறகு பெரிய சிஸ்டர் கதவைத் திறந்தார். "ஏழு, எழுந்து வாம்மா" என்றார். அந்தக் குரலில் அவர் எங்களை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

நுரையீரலுக்குள் ரத்தம் கசிந்துவிட்டதாம். மதியம்வரை முயன்று பார்த்தார்கள். மூன்று மணிக்கு டாக்டர் அவளையும் அவள் புருஷனையும் உட்காரவைத்துப் பேசினார். நான்கு மணிக்குக் குழாய்களை எடுத்துவிட்டுப் பிள்ளையை அவள் நெஞ்சின்மேல் படுக்கவைத்தார்கள். திரையை அணைத்தார்கள். கறுத்துப்போன அந்தத் திரையையே அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காலையில் எடுத்த பாலைக் கொண்டுவரச் சொன்னாள். பெரிய சிஸ்டர் பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து அவன் உதட்டில் வைத்தார். உதடு அசைந்தது. நான் என் மகளின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அதனால் பார்த்தேன். அதன் பிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டு, நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டாள். அவன் போகும்வரை அப்படியே இருந்தாள். முக்கால் மணி நேரம்.

கைகழுவும் இடத்தில் அவளைப் பிடித்தேன். அவள் கேட்கும்வரை காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை.

"எழுபதுக்குக் கீழ போனப்பவே பார்த்தேன். உன்னைக் கூப்பிடல."

அவள் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள். "எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷம்."

குழாயை மூடினாள். பாட்டிலை உதறிக் கவிழ்த்து வைத்தாள். "கூப்பிடறேன்னு சொன்னியேக்கா" என்றாள். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இனி அவள் முகத்தில் விழிக்க வேண்டியிருக்காது என்று நினைத்தேன். அதில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு வந்து நின்றாள். ரவிக்கை நனைந்திருந்தது. மார்பு கல்லாகக் கட்டி, வீட்டில் வலி பொறுக்க முடியவில்லையாம். பெரிய சிஸ்டர் அவளைப் பாலறைக்கே கூட்டிவந்து உட்காரவைத்தார். மூச்சும் வேண்டாம், எண்ணவும் வேண்டாம், பத்து நிமிஷத்தில் பாட்டில் கழுத்துவரை நிறைந்தது. மூடியை இறுக்கி, மற்ற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சிஸ்டர் கையில் கொடுத்தாள்.

போய்விடுவாள் என்று பார்த்தோம். போகவில்லை. கதவோரம் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். உள்ளே ஏழாம் பெட்டி துடைத்து வெறுமையாகக் கிடந்தது.

"மூடுங்க" என்றாள். "நான் பார்த்துக்கறேன்."

எல்லோரும் மூடினார்கள். நானும் மூடினேன். வேனை நினைக்கப் பார்த்தேன், வரவில்லை. "எட்டு, உன் பொண்ணு நல்லா இருக்கா" என்று அவள் குரல் கேட்டது. அன்றைக்கு எனக்கு ஒரு சொட்டுப் பால்கூட வரவில்லை. அடுத்த ஐந்து நாளும் வரவில்லை. சோதித்துக் காய்ச்சிக் கொண்டுவந்த அவள் பாலைத்தான் குழாய் வழியாக விட்டார்கள். என் மகள் அதைக் குடித்துத்தான் ஒரு கிலோவைத் தொட்டாள்.