மேனேஜர் வேண்டாம், மெக்கானிக் போதும்

ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கம்ப்ரஸர் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்தியபடி கண்ணை மூடி நிற்கிறார் முஸ்அப். கடலோர ஊரான மண்டபத்தில் ஓர் இறால் கம்பெனியின் இயந்திர அறை அது. பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் நம் காதில் விழாது. அவருக்கு மட்டும் அந்த இரும்புக் கம்பி வழியாக ஏதோ கேட்கிறது.

"பேரிங்கு பொலம்புது," என்கிறார் கண்ணைத் திறந்து. "இந்த மாசம் தாங்குனா பெருசு."

அவர் பேச்சில் இயந்திரங்களுக்கு வருவதெல்லாம் மனுஷ வியாதிதான். ஒன்றுக்கு மூச்சு வாங்கும், இன்னொன்றுக்குக் காய்ச்சல் அடிக்கும். மூலையில் கிடக்கும் பழைய மோட்டாருக்கு "வயசுக் கோளாறு."

சொந்த ஊர் ஏர்வாடி. முப்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. எந்நேரமும் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. இறால் உறையும் குளிர் அறைக்குள் வேலை முடித்து வெளியே வந்தால், தேநீரைத் தேட மாட்டார். சுவரோரம் நின்று மண்டபத்து வெயிலுக்கு முகத்தைக் காட்டுவார். "ஓசி ஹீட்டரு. கனடாவுல கெடைக்காதாம். அதான் இப்பவே சேத்து வச்சிக்கிறேன்."

கனடா என்பதை ஏதோ பக்கத்துத் தெரு மாதிரிதான் சொல்கிறார். ஆனால் அங்கே போகும் வழியில் அவர் முதலில் செய்தது, ஊரே சிரித்த ஒரு காரியம்.

பல வருடம் எண்ணெயிலும் அம்மோனியா நெடியிலும் கிடந்தவரை, முதலாளி மலையாண்டி மேனேஜர் ஆக்கினார். கண்ணாடி அறை, சுழல் நாற்காலி, மேசையில் மணி. அந்த நாற்காலியில் இருந்தபோதுதான் இஃப்ராவோடு நிக்காஹ் நடந்தது. மாமனார் பாக்கர் சவூதியில் குழாய் வேலை பார்த்துத் திரும்பியவர். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே 'மேனேஜர்' என்று போட்டே ஆக வேண்டுமென்று அச்சகத்துக்கே போய் நின்றார்.

பிறகு முஸ்அப்புக்குக் கனடா ஆசை வந்தது. விசாரிக்க மதுரைக்குப் போனார். கோப்பைப் புரட்டிய ஏஜென்ட் உதட்டைப் பிதுக்கினார். "மேனேஜர்னு விண்ணப்பம் போட்டா கூட்டத்தோட கூட்டமா நிக்கணும். அங்க ஆள் பத்தாத வேலைக்குத்தான் தனியா கூப்புடுறாங்க. ஏசி, குளிர்சாதன மெக்கானிக் இப்ப அதுல இருக்கு. ஆனா நீங்க சமீபத்துல ஒரு வருஷமாவது அந்த வேலையப் பாத்திருக்கணும். பழைய அனுபவம் மட்டும் போதாது."

அதற்கு ஒரு குறுக்கு வழியும் அவரே சொன்னார். மெக்கானிக் என்று முதலாளியிடம் ஒரு சான்று வாங்கிவிட்டால் போதும். நாற்காலியை விட்டு எழவே வேண்டாம்.

"செய்யாத வேலைக்குச் சான்று வாங்கிக்கிட்டு, அங்கன போயி எந்த மூஞ்சிய வச்சி மெஷினத் தொறக்குறது?" என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறியவர், மறுநாள் காலையில் மலையாண்டி முன்னால் போய் நின்றார்.

"மொதலாளி, என்னையப் பழையபடி மெக்கானிக்காப் போடுங்க."

"ஏலே, ஊருல எல்லாவனும் மேல ஏத்திவிடச் சொல்லுவான். நீ என்னடா எறக்கிவிடச் சொல்ற? கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"ஒரு வருஷம் ஓடட்டும் மொதலாளி. சம்பளத்தக் கொறச்சிக்கங்க, பரவால்ல."

மலையாண்டிக்கு வருத்தம்தான். இருந்தாலும் மேனேஜர் நாற்காலியில் வேறொருவரை உட்கார வைத்தார். முஸ்அப் காக்கி உடுப்புக்கு மாறினார். கணக்கு எழுதுகிறவர் முதல் ஐஸ் உடைப்பவர் வரை, ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டார் என்றே பேசிக்கொண்டார்கள். அவர் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது பாக்கரிடம்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, பள்ளிவாசலுக்கு வெளியே மருமகனை நிறுத்தினார். "நாங் குழா மாட்டி மாட்டிக் கையி மரத்துப்போயி வந்தவன், மருமவனே. நாக்காலியப் பாத்து மட்டும் மவளக் குடுத்தேன்னு சொல்ல மாட்டேன். ஆனா, அதயும் பாத்துத்தான் குடுத்தேன்."

"அந்த நாட்டுக்குப் போனாலும் இதே வேலதான் மாமா. எத்தன நாளைக்கு ஒளிக்கச் சொல்றீக?"

பாக்கர் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். அதன்பிறகு மகள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். வந்தாலும், முஸ்அப் வேலையிலிருக்கும் நேரமாகப் பார்த்து வந்தார். முஸ்அப்புக்கு அது வலித்தது என்பது, இதைச் சொல்லும்போது கழுத்துத் துண்டை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவதிலிருந்து தெரிகிறது.

இஃப்ராவின் பயம் வேறு. "ஆள் பத்தாத வேல எதெதுன்னு அவுக வருஷா வருஷம் மாத்துவாகளாமே. நீங்க எறங்கி நிக்கயில இந்த வேல வேணாம்னு சொல்லிட்டா என்ன மச்சான் செய்யிறது?"

"சொல்லட்டும். மெஷினு ஓடுற ஊரு எல்லாத்துலயும் நமக்குச் சோறு இருக்கு."

பகலெல்லாம் கம்ப்ரஸர், மாலையில் ஆங்கிலம். விசாவுக்கு எழுத வேண்டிய ஆங்கிலத் தேர்வில் முதல் தடவை எழுத்துப் பகுதி காலை வாரிவிட்டது. பேச்சுப் பகுதியில் மட்டும் அவர் அசரவில்லை. உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்ட பெண்மணி, பேச்சை நிறுத்த இரண்டு முறை கை காட்ட வேண்டியிருந்ததாம். அடுத்த தடவை எல்லாவற்றிலும் தேறினார். அந்த ஒரு வருடமும் முடிந்தது. விண்ணப்பித்தார். அவர் பார்க்கும் வேலைக்கு அப்போதும் அங்கே ஆள் தேவைப்பட்டது. அழைப்பு வந்தது, இஃப்ராவுக்கும் சேர்த்து விசாவும் வந்துவிட்டது.

சென்ற வாரம் ஏர்வாடியில் அவர்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். என்னையும் அழைத்திருந்தார்கள். நாலு பேர் வட்டமாக அமர்ந்து ஒரே பெரிய தட்டில் உண்ணும் சஹன் சாப்பாடு. கம்பெனியிலிருந்து நேராக வந்த முஸ்அப், கை கழுவிவிட்டுக் கடைசியில் எங்காவது இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மருமவனே, இங்கன வாங்க!"

பாக்கர் நகர்ந்து உட்கார்ந்து தம் பக்கத்தில் இடம் விட்டார். எதிரே இருந்தவரிடம், பந்தி முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்: "எம் மருமவன். மெக்கானிக்கு. கனடாவுல கூப்புட்டிருக்காக."

முஸ்அப் உட்கார்ந்தார். எத்தனை சோப்புப் போட்டும் போகாத கறுப்பு நகக்கண்களில் அப்படியே இருந்தது. அந்தக் கையைத் தயங்காமல் தட்டுக்குள் விட்டு, சோற்றுக்கு அடியில் துழாவி, இருப்பதிலேயே நல்ல கறித்துண்டாகப் பார்த்து எடுத்து, மாமனார் பக்கம் தள்ளி வைத்தார்.